திரை அளவை யார் முடிவு செய்கிறார்கள்? டேப்லெட் கேள்வி-பதில்

டேப்லெட் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பல திரை அளவைச் சுற்றியே இருந்தன: எந்த அளவு வாங்குவது, ஏன் இத்தனை அளவுகள், நிறுவனங்கள் எதை வைத்து முடிவு செய்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 8, 10 என்று முழு எண்ணாக இல்லாமல் 8.3, 9.7, 10.1, 10.9 என்று ஏன் பின்னத்தில் வருகிறது? விளம்பரத்துக்காகவா? (கும்பகோணம் வாசகர்)

விளம்பரத்துக்காக என்றால் முழு எண்ணைத்தான் வைப்பார்கள். அங்குலக் கணக்கு கடைசியில் வந்து விழுகிற எண். அதை விழச் செய்பவை மூன்று: கண்ணாடித் தகடு, பிக்சல் கணக்கு, கையில் பிடிக்கும் உடல். இங்கே முதலாவதை விரிவாகச் சொல்கிறோம். பலரும் அறியாதது அதுதான்.

திரைகளை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. மதர் கிளாஸ் எனப்படும் பெரிய கண்ணாடித் தகட்டின் மேல் டிரான்சிஸ்டர்களை உருவாக்கி, பிறகு துண்டுகளாக வெட்டுகிறார்கள். தொழிற்சாலைகளைத் தகட்டின் அளவை வைத்துத் தலைமுறை என்று பிரிக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறைத் தகடு 1100×1300 மி.மீ., ஆறாம் தலைமுறை 1500×1850 மி.மீ., எட்டரையாம் தலைமுறை 2200×2500 மி.மீ. ஒரு தகட்டைச் செய்து முடிக்க ஆகும் செலவு, அதிலிருந்து 35 திரை வந்தாலும் 42 வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே ஒரு துணியிலிருந்து எத்தனை சட்டை தேறும் என்று தையல்காரர் பார்ப்பதைப்போல, ஒரு தகட்டில் எத்தனை திரை தேறும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1100×1300 தகட்டில் ஓரங்களில் 10 மி.மீ. விட்டால் 1080×1280 கிடைக்கும். 16:10 விகிதத்தில் (நீளம் 16 பங்கு, அகலம் 10 பங்கு) 10.1 அங்குலத் திரையின் படப்பகுதி 217×136 மி.மீ. ஒட்டும் ஓரமும், இணைப்பு நாடா உட்காரும் இடமும் சேர்த்தால் துண்டு ஏறக்குறைய 220×145. நீளவாட்டில் 5, குறுக்கே 7, ஆக 35 துண்டு. நீளவாட்டில் 180 மி.மீ. வீண். அதே விகிதத்தில் 9.7 அங்குலம் என்றால் துண்டு 212×140 ஆகும். இப்போது நீளவாட்டில் 6 அடங்கும். 6×7 = 42. அங்குலத்தில் 0.4 குறைத்ததற்கு 20 விழுக்காடு கூடுதல் திரைகள்! நிஜத் தொழிற்சாலைகளின் ஓரக் கணக்குகள் வேறுபடும். ஆனாலும் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது இதனால்தான். வீணாகும் பட்டையில் சின்னத் திரைகளை அடுக்கி, ஒரே தகட்டில் இரண்டு அளவுகளை எடுக்கும் முறையும் உண்டு. அப்படி எடுத்தால் துணை அளவுக்கும் வாங்குபவர் இருக்க வேண்டும்.

பின்னொளி இல்லாமல் பிக்சல்கள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரை பெரிய டேப்லெட்டுகளுக்கு மெதுவாக வந்ததற்கும் இதே தகட்டுக் கணக்கு ஒரு காரணம். கைபேசித் திரை செய்யும் ஆறாம் தலைமுறை ஆலைகளில், ஒளிரும் பொருளைப் படியவைக்கும் முன் தகட்டைப் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது. 6 அங்குலத் துண்டுகளுக்கு அந்த அரைத்தகடு போதும். 11, 13 அங்குலத் துண்டுகளை அடுக்கும்போது வீண் கூடும். இப்போது தென்கொரியாவின் ஆசானில் சாம்சங் டிஸ்ப்ளேயும், சீனாவின் செங்டுவில் பிஓஇ நிறுவனமும் 2290×2620 மி.மீ. தகட்டுக்கு ஆலை அமைப்பது டேப்லெட், மடிக்கணினித் திரைகளை மனத்தில் வைத்துத்தான்.

கேள்வி: 9.7 இன்ச் ஐபேடைவிட 10.1 இன்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட் பெரியதுதானே? ஆனால் புத்தகம் படிக்கும்போது சின்னதாகத் தெரிகிறதே! (நாகர்கோவில் வாசகர்)

உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. அங்குலம் மூலைவிட்ட அளவு. விகிதம் மாறினால் அதே மூலைவிட்டத்தில் பரப்பும் மாறும், அகலமும் மாறும். 4:3 விகிதத்தில் 9.7 அங்குலம் என்றால் 197×148 மி.மீ. 16:10 விகிதத்தில் 10.1 அங்குலம் என்றால் 217×136 மி.மீ. பரப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் 2 விழுக்காடுகூட இல்லை. நிமிர்த்திப் பிடித்துப் படிக்கும்போது 9.7-இல் வரியின் அகலம் 12 மி.மீ. கூடுதல்.

படம் பார்க்கும்போது கதை தலைகீழ். 16:9 காணொளி 10.1-இல் 217×122 மி.மீ. இடத்தை நிரப்பும், 9.7-இல் 197×111 மி.மீ. மட்டும். பரப்பில் 20 விழுக்காட்டுக்கும் மேல் வித்தியாசம். அதனால் வடிவமைப்பு மேசையில் முதலில் முடிவாவது அங்குலம் அல்ல, விகிதம். படிக்கவும் எழுதவும் என்றால் 4:3 அல்லது 3:2, படம் பார்க்க என்றால் 16:10. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் டேப்லெட் 2012-இல் 10.6 அங்குலம், 16:9 என்று தொடங்கியது. நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாக நீண்டு நின்றது. 2014-இல் வந்த சர்ஃபேஸ் புரோ 3-இல் 12 அங்குலம், 3:2 என்று மாற்றினார்கள். குறிப்பெடுக்கும் தாளின் உருவம் அப்போதுதான் அதற்கு வந்தது.

கேள்வி: சொல்லும் இன்ச்சில் கறுப்பு ஓரமும் சேர்த்தியா?

இல்லை, ஒளிரும் பகுதி மட்டும். முனைகள் வளைந்த திரைகளில், முனை கூராக இருப்பதாக வைத்து மூலைவிட்டத்தை அளக்கிறார்கள். விற்பனைப் பெயரில் முழுமையாக்கலும் உண்டு: 2024-இல் வந்த 13 அங்குல ஐபேட் ஏரின் மூலைவிட்டம் 12.9, 11 அங்குல ஏரின் மூலைவிட்டம் 10.86. வாங்கும்போது அங்குலத்தை விட்டுவிட்டு, விவரப்பட்டியலில் பிக்சல் எண்ணிக்கையையும் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதையும் பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நீளமும் அகலமும் தனித்தனியே கிடைத்துவிடும். 2360×1640 பிக்சல், அங்குலத்துக்கு 264 என்றால் 8.94×6.21 அங்குலம்.

கேள்வி: 7 இன்ச் டேப்லெட் உதவாது என்று சொன்ன ஆப்பிளே பிறகு ஐபேட் மினியைக் கொண்டுவந்தது. கருத்தை மாற்றிக்கொண்டார்களா? (மதுரை கல்லூரி மாணவி)

பாதி மாற்றம்தான். நடந்ததைப் பார்த்தால் திரை அளவு எப்படி முடிவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2010 அக்டோபரில், காலாண்டு வருமான அறிவிப்பின்போது ஸ்டீவ் ஜாப்ஸ் 7 அங்குலத்தைக் கடுமையாகத் தாக்கினார். மூலைவிட்டத்தில் 7 என்பது 10-இல் எழுபது விழுக்காடு போலத் தோன்றினாலும், பரப்பில் ஐபேடின் 45 விழுக்காடுதான் என்றார். அந்தத் திரையில் பொத்தான்களைத் தொட வேண்டுமானால் பயனர் விரலைத் தேய்த்துக்கொள்ள உப்புத்தாளும் கூடவே தர வேண்டும் என்றார். அப்போது சந்தையில் இருந்தது சாம்சங் கேலக்ஸி டேப்: 7 அங்குலம், 1024×600 பிக்சல், 380 கிராம். 2011 ஜனவரியில் ஆப்பிள் அதிகாரி எடி கியூ, அந்த டேப்பைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, 7 அங்குலத்துக்குச் சந்தை இருக்கிறது, நாமும் செய்ய வேண்டும் என்று சக அதிகாரிகளுக்கு எழுதிய மின்னஞ்சல் 2012-இல் நடந்த ஆப்பிள்-சாம்சங் வழக்கில் வெளியானது. அதே ஆண்டு இறுதியில் மினி வந்தது. ஆனால் அது 7 அங்குலம் இல்லை, 7.9.

அந்த 0.9 எங்கிருந்து வந்தது? முதல் ஐபேட் 1024×768 பிக்சல். மூலைவிட்டத்தில் எண்ணினால் சரியாக 1280 பிக்சல். அங்குலத்துக்கு 132 பிக்சல் என்பதால் 1280÷132 = 9.7. ஐபோன் 3ஜிஎஸ் திரையில் அங்குலத்துக்கு 163 பிக்சல். அதே நெருக்கத்தில் 1024×768 திரையைச் செய்தால் 1280÷163 = 7.85. மினியின் அளவு இதுதான்!

இதில் இரண்டு லாபம். பிக்சல் எண்ணிக்கை மாறாததால், ஐபேடுக்கு எழுதிய எல்லாச் செயலிகளும் ஒரு வரிகூடத் திருத்தாமல் மினியில் ஓடின. இன்னொன்று விரல் கணக்கு. தொடும் பொத்தான் குறைந்தது 44 புள்ளி (இந்தத் திரைகளில் ஒரு புள்ளி என்பது ஒரு பிக்சல்) இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் வடிவமைப்பு விதி. 9.7 அங்குலத்தில் 44 புள்ளி என்பது 8.5 மி.மீ.; 7.9 அங்குலத்தில் 6.9 மி.மீ. ஐபோனிலும் இதே 6.9 மி.மீ.தான். கோடிக்கணக்கானவர்கள் ஏற்கெனவே தொட்டுப் பழகிய அளவு. அதே 1024×768-ஐ 7 அங்குலத்தில் அடக்கியிருந்தால் பொத்தான் 6.1 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும். விரல்நுனி கண்ணாடியில் பதியும் இடம் ஏறக்குறைய 8 முதல் 10 மி.மீ. என்பதால், 6.9-ஏ எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் பக்கத்துப் பொத்தான் அழுந்தும். ஜாப்ஸ் சொன்ன குறையை மறுக்காமல், அதைச் சுற்றி வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பரப்பும் 16:10 விகித 7 அங்குலத்தைவிட 36 விழுக்காடு கூடுதல்.

பெரிய பக்கத்திலும் இதே முறைதான். 2015-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் புரோவின் குறுகிய பக்கம் 2048 பிக்சல். 9.7 அங்குல ரெட்டினா (அதாவது பிக்சல் நெருக்கம் கூட்டிய) ஐபேடின் நீண்ட பக்கமும் 2048. அங்குலத்துக்கு 264 பிக்சல் இரண்டுக்கும் பொது. ஆக, பெரியதைக் கிடைமட்டமாக வைத்தால், நிமிர்ந்த 9.7 அங்குலத் திரையின் உயரம் அப்படியே அதில் உட்காரும்; இரண்டு செயலிகளைப் பக்கத்தில் பக்கம் திறக்கலாம். 12.9 என்பது இந்தப் பொருத்தத்திலிருந்து பிறந்த எண்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் அப்படி ஏதும் கணக்கு உண்டா?

உண்டு. ஆண்ட்ராய்டில் திரையின் குறுகிய பக்கத்தை டிபி என்ற அலகில் அளப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு 160 டிபி. குறுகிய பக்கம் 600 டிபி இருந்தால் 7 அங்குல டேப்லெட் வகை, 720 இருந்தால் 10 அங்குல வகை என்று செயலிகள் தளவமைப்பைத் தேர்ந்தெடுக்கும். 2012-இல் கூகுளுக்காக அசூஸ் செய்த நெக்சஸ் 7-இன் குறுகிய பக்கம் 800 பிக்சல். அதன் அடர்த்தியை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை, 213 என்று அமைத்தார்கள். 800×160÷213 = 601. எல்லையைத் தொட்டுத் தாண்டுமளவுக்கு. சில மலிவான டேப்லெட்டுகளில் அடர்த்தி எண்ணைத் தவறாகப் பதிந்துவிடுவார்கள். குறுகிய பக்கம் 600-க்குக் கீழே போய்விடும், பெரிய திரையில் கைபேசித் தோற்றம் இழுத்துவிட்டதுபோல் வரும். உங்கள் கருவியில் அப்படி இருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘ஸ்மாலஸ்ட் விட்த்’ என்ற மதிப்பை 600 அல்லது அதற்கு மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து சற்றுச் சிறிதாகும், ஆனால் இரட்டைப் பத்தித் தளவமைப்பு திரும்பிவிடும். பழைய மதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி: மலிவு டேப்லெட் எல்லாம் 7 இன்ச், 1024×600 என்றே ஏன் வந்தன? (விழுப்புரம் ஆசிரியர்)

புதிதாக ஓர் அளவில் திரை செய்ய, கண்ணாடியில் ஒளியால் சுற்றுகளைப் பதிக்க உதவும் மாஸ்க் தொகுதி, பின்னொளிக்கான அச்சுகள், ஒளியை வடிகட்டும் துருவமுனைவுத் தாளை வெட்டும் அச்சு எல்லாம் புதிதாகச் செய்தாக வேண்டும். சாதாரண எல்சிடிக்கே நான்கைந்து மாஸ்க்குகள் தேவை. பல லட்சம் கருவிகள் விற்கும் நம்பிக்கை இருக்கும் நிறுவனம்தான் இதில் இறங்கும். மற்றவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அளவை எடுத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் போட்டோ பிரேம், கையடக்க டிவிடி பிளேயர், கார்த் திரை என்று 7 அங்குலம் முன்பே ஏராளமாக உற்பத்தியானது. 2007-இல் வந்த அசூஸின் சின்ன மடிக்கணினி ஈ பிசி 701-இலும் 7 அங்குலம்தான். பிறகு நெட்புக் எனப்பட்ட அத்தகைய சின்ன மடிக்கணினிகள் 10.1 அங்குலத்தைப் பெருக்கின. டேப்லெட் சந்தை சூடுபிடித்தபோது இந்த இரண்டு அளவுகளும் தயாராகக் கையில் இருந்தன.

2011-இல் இந்திய அரசு மாணவர்களுக்காக வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட்டும் 7 அங்குலம்தான். 800×480 பிக்சல், அழுத்தினால் உணரும் ரெசிஸ்டிவ் தொடுதிரை. இரண்டாம் பதிப்பில் அளவையும் பிக்சலையும் அப்படியே வைத்துத் தொடுதிரையை, விரல் பட்டாலே உணரும் கெப்பாசிட்டிவ் வகை ஆக்கினார்கள். விலைக்குக் கட்டுப்பட்டவர்கள் எதில் கைவைப்பார்கள், எதில் வைக்கமாட்டார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் 7 இன்ச் இப்போது ஏன் அருகிவிட்டது?

கைபேசி வளர்ந்துவிட்டது. 2011-இல் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத்தோடு வந்தபோது பெரிதாகத் தெரிந்தது, இன்று 6.7 அங்குலக் கைபேசி சாதாரணம். கையிலிருக்கும் கைபேசியைவிடத் திரை பரப்பில் ஏறக்குறைய இருமடங்காவது இருந்தால்தான் இரண்டாவது கருவிக்குப் பணம் தர மக்களுக்கு மனம் வரும். சின்ன டேப்லெட் 8 அங்குலத்துக்கு மேல் போனது அதனால்தான்.

கேள்வி: பெரிய திரை நல்லது என்றால் 15, 18 இன்ச்சில் டேப்லெட் ஏன் பெருகவில்லை? (பெங்களூரு வாசகர்)

செய்து பார்த்தார்கள். 2015-இல் சாம்சங் கேலக்ஸி வியூ 18.4 அங்குலத்தில் வந்தது. எடை 2.65 கிலோ, கையில் பிடிப்பதற்கு வழியில்லாமல் தாங்கியோடு விற்றார்கள். 2022-இன் கேலக்ஸி டேப் எஸ்8 அல்ட்ரா 14.6 அங்குலம், 726 கிராம், 5.5 மி.மீ. தடிமன். பொறியியலாகப் பார்த்தால் அருமையான வேலை. ஆனாலும் மடியிலோ மேசையிலோ வைத்துத்தான் பயன்படுத்த முடியும்.

எடையைவிட மணிக்கட்டில் விழும் திருப்புவிசைதான் முக்கியம். டேப்லெட்டை ஓரத்தில் பிடிக்கிறோம், எடை நடுவில் இருக்கிறது. முதல் ஐபேட் 680 கிராம், அகலம் 190 மி.மீ. முதல் மினி 308 கிராம், அகலம் 135 மி.மீ. எடை 2.2 மடங்குதான், ஆனால் பாதி அகலத்தால் பெருக்கினால் மணிக்கட்டுச் சுமை 3.1 மடங்கு. படுத்துக்கொண்டு ஒரு கையில் படிக்க மினி வகைகள் பொருந்துவதும், 10 அங்குலம் பத்து நிமிடத்தில் கையை வலிக்கச் செய்வதும் இதனால்தான். கறுப்பு ஓரத்தை ஒரேயடியாக ஒழிக்காமல் வைத்திருப்பதும் கட்டைவிரல் ஊன்ற இடம் வேண்டும் என்பதற்காகத்தான். மினியில் பக்க ஓரத்தைச் சுருக்கியபோது, ஊன்றிய கட்டைவிரலையும் வேண்டுமென்றே தொட்டதையும் பிரித்தறிய மென்பொருள் சேர்க்க வேண்டியிருந்தது.

அடுத்தது வளைவு. தடிமனும் விகிதமும் மாறாமல் 10.1-ஐ 14.6 ஆக்கினால், நடுவில் அதே விசையைத் தந்தால் இரண்டு மடங்கு வளையும். பைக்குள் புத்தகங்களோடு திணிக்கும் கருவிக்கு இது சின்ன விஷயம் இல்லை. தடிமனைக் கூட்டினால் விறைப்பு சட்டென்று ஏறும், எடையும் ஏறும்.

தொடுதிரையிலும் செலவு கூடும். உணர்கம்பிகள் சுமார் 5 மி.மீ. இடைவெளியில் ஓடுவதாகக் கொண்டால் 7 அங்குலத்துக்கு 49 தடங்கள் போதும், 10.1-க்கு 70 வேண்டும். கம்பி நீள நீள மின்தடை கூடி, மின்சமிக்ஞை மந்தமாகும். அதனால் பெரிய திரைகளில் ஒளி ஊடுருவும் இண்டியம் பூச்சுக்குப் பதிலாக மெல்லிய உலோக வலையைப் போடுகிறார்கள்.

கேள்வி: பிக்சல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

ஓர் எல்லை வரை. சராசரிப் பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 40 செ.மீ. தொலைவில் அது 0.116 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு 218 பிக்சல். 10.1 அங்குலத்தில் 1920×1200 என்றால் 224 வருகிறது, கச்சிதம். சின்ன டேப்லெட்டை 30-35 செ.மீ.க்குக் கொண்டுவருவோம், அங்கே 250 முதல் 290 வேண்டும்.

எல்லையைத் தாண்டினால் பேட்டரி விலை கொடுக்கும். 2012-இன் மூன்றாம் ஐபேட் பிக்சலை நான்கு மடங்காக்கியது. பிக்சல் சிறுத்ததால் ஒளி கடந்துவரும் துளையும் சிறுத்தது, பின்னொளியைக் கூட்ட வேண்டியதாயிற்று. பேட்டரி 25 வாட்-மணியிலிருந்து 42.5 ஆனது. எடை 601 கிராமிலிருந்து 652. தடிமன் 8.8 மி.மீ.யிலிருந்து 9.4. அடுத்த ஆண்டு ஐபேட் ஏர் அதே 9.7 அங்குலத்தையும் அதே பிக்சலையும் 32.4 வாட்-மணி, 469 கிராமில் தந்தது. அளவை முடிவு செய்யும்போது, அந்த ஆண்டில் திரைத் தொழில்நுட்பம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். தமிழில் பிடிஎஃப் பாடங்கள் நிறைய. எந்த அளவு வாங்கலாம்? (தருமபுரி வாசகர்)

பெரும்பாலான பிடிஎஃப் ஏ4 தாளுக்குச் செய்யப்பட்டவை: 210×297 மி.மீ. ஒரு முழுப் பக்கம் திரையில் தெரிய எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டால் விடை கிடைக்கும். 16:10 விகித 8 அங்குலத்தில் 51 விழுக்காடு. 10.1-இல் 65. 4:3 விகித 9.7-இல் 66. 10.9 அங்குல ஐபேடில் 75. 12.9-இல் 88.

அச்சில் 10 புள்ளி எழுத்து, 10.1-இல் 6.5 புள்ளி ஆகும். ஆங்கில எழுத்து அந்த அளவிலும் தாக்குப்பிடிக்கும். தமிழில் ணை, ஞ, ழு, இ போன்றவற்றில் சுழிகள் நெருங்கிக் கிடப்பதால், பிக்சல் குறைந்தால் சுழி அடைத்துவிடும். 10.1 அங்குலம், 1280×800 திரையில் அந்த எழுத்துக்கு 13 பிக்சல் உயரம்தான் கிடைக்கும். 1920×1200 என்றால் 20. அளவு ஒன்றானாலும் படிப்பது வேறு அனுபவம். எனவே 10 அங்குலத்துக்குக் குறையாமல், 1920×1200-க்குக் குறையாமல் வாங்குங்கள். மணிக்கணக்காகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நினைவகமோ கேமராவோ குறைந்தால் பரவாயில்லை.

ஏற்கெனவே சின்னது இருந்தால்: பிடிஎஃப் செயலியில் ஓரம் வெட்டும் வசதியை இயக்குங்கள். நான்கு பக்கமும் 20 மி.மீ. வெற்று ஓரம் போனால் 10.1-இல் சுருக்கம் 65-இலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏறும். கிடைமட்டமாகத் திருப்பினால் ஏ4-இன் முழு அகலமும் சுருங்காமல் வரும். ஒரு நேரத்தில் பாதிப் பக்கத்துக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும்.

கேள்வி: கிடங்குகளில் சரக்குக் கணக்கெடுக்க எங்கள் சிறு நிறுவனம் ஒரு டேப்லெட் வடிவமைக்கிறது. திரையை எப்படித் தேர்வு செய்வது? (கோவை வாசகர்)

கையிலிருந்து தொடங்குங்கள். 7, 8, 10 அங்குல உடல்களை ஒட்டுப்பலகையில் வெட்டி, உள்ளே இரும்புத் துண்டு வைத்து நிஜ எடைக்குக் கொண்டுவாருங்கள். செயலியின் திரைகளை நிஜ அளவில் தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். வேலை செய்பவர்களிடம் ஒரு முழு ஷிஃப்டுக்குக் கொடுத்து, எப்போது கை மாற்றுகிறார்கள், கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது என்று கவனியுங்கள். வெறுங்கைக்குப் பொத்தான் 9-10 மி.மீ.; கையுறை போட்டால் 15-க்குக் குறையக் கூடாது. இந்தச் சோதனைக்குப் பிறகு உங்கள் அளவு 8-ஆ 10-ஆ என்பது தெரிந்துவிடும்.

பிறகு பலரும் செய்யும் அளவையே எடுங்கள். தனி அளவு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். 8 அங்குலம், 10.1 அங்குலம் இரண்டிலும் 1280×800 பேனல்கள் (படம் காட்டும் திரைப் பகுதி) பல நிறுவனங்களிடம் கிடைக்கும். விலை கேட்பதற்கு முன் எத்தனை ஆண்டு உற்பத்தி தொடரும் என்று எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் பேனல் ஒன்றிரண்டு ஆண்டில் நின்றுபோகக்கூடும். தொழிலக வகைக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு உறுதி கிடைக்கும். இரண்டாவது நிறுவனத்தின் பேனலும் உட்காரும்படி உள்சட்டத்தில் ஒரு மி.மீ. இடம் விடுங்கள்.

உங்கள் செயலிச் சில்லிலிருந்து திரைக்குப் படத் தரவைக் கொண்டுபோக எத்தனை தடங்கள் வருகின்றன என்று பாருங்கள். 1920×1200, 24 பிட், நொடிக்கு 60 முறை என்றால் 3.3 ஜிகாபிட், இடைவெளி நேரம் சேர்த்தாலும் தடத்துக்கு 1 ஜிகாபிட் தரும் நான்கு தட எம்ஐபிஐ (சில்லையும் திரையையும் இணைக்கும் தரநிலை) இணைப்பில் அடங்கும். 2560×1600 என்றால் 5.9, அதே வேகத்தில் நான்கு தடம் போதாது.

தொடுதிரையை இறுதிக் கண்ணாடியோடுதான் சரிசெய்ய வேண்டும். 0.7 மி.மீ. கண்ணாடியில் சரிசெய்துவிட்டு, உறுதிக்காக 1.1-க்கு மாறினால் உணர்திறன் தவறிவிடும். மலிவு சார்ஜர் போட்டபடியும், நீர்த்துளி விழுந்த நிலையிலும் சோதியுங்கள். இல்லாத விரலைத் திரை உணர்வது இந்த இரண்டில்தான்.

அதிகம் கெடுவது ஒன்று: பேட்டரிக்குப் பின்னால் இடம் விடாமல் கட்டுவது. பை வடிவ லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பும். தடிமனில் 8-10 விழுக்காடு வெற்றிடம் விடுங்கள். விடாவிட்டால் அது பேனலின் முதுகை அழுத்தி, சில மாதங்களில் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். திருகு அரை மி.மீ. நீளமானாலும் இதே திட்டு வரும், ஆனால் முதல் நாளிலேயே.

கேள்வி: திரை உடைந்துவிட்டது. அதே இன்ச் திரை வாங்கி மாற்றலாமா? (தூத்துக்குடி வாசகர்)

அங்குலம் மட்டும் ஒத்திருந்தால் போதாது. ஒரே 10.1 அங்குலத்தில் இணைப்பு நாடாவின் ஊசி எண்ணிக்கை, நாடா வெளிவரும் பக்கம், வெளி அளவு எல்லாம் வேறுபடும். உடைந்தது மேல்கண்ணாடியா, உள்ளே படம் காட்டும் பேனலா என்று முதலில் பாருங்கள்: படம் சரியாகத் தெரிந்து தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மேல்கண்ணாடி போதும், இரண்டும் ஒட்டிய வகையாக இல்லாதவரை. பேனலின் பின்புறமும் தொடுதிரை நாடாவிலும் அச்சிட்ட எண்ணைப் படம் எடுத்து, அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே நாடாக்களைத் தொடுங்கள். புதிய திரையைப் பசையிட்டு ஒட்டுமுன், பாதுகாப்புத் தாளை உரிக்காமல் நாடாவை மட்டும் பொருத்தி இயக்கிப் பாருங்கள். தாளை உரித்துவிட்டால் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.